லயமே காட்டிய பாவ்லா

பாவ்லா என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பெரட்டுக்களத்தில்தான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். மழை நாளில் அங்கே பாதிப் பேருக்கு இடுப்பு வலி வந்துவிடும். ஒருத்தி குனிந்து நிற்பாள். ஒருத்தி தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு முனகுவாள். கணக்கப்பிள்ளை அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாவ்லா காட்டுனது போதும், மலைக்கு ஏறுங்க" என்பார். எல்லா இடுப்பும் நிமிர்ந்துவிடும். அம்மாவும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இதை எழுதியதற்கு அவள் என்னைத் திட்டுவாள், திட்டட்டும்.

ஏமாற்றுக்கு எங்கள் பக்கம் சொல்லுக்கா பஞ்சம்? டிமிக்கி கொடுத்தான் என்றால் ஆளே கண்ணில் படமாட்டான். சுத்துமாத்து என்றால் ஏதோ ஒன்று கைமாறிப் போயிருக்கும், யாரோ ஒருத்தர் தலையில் துண்டு விழுந்திருக்கும். பித்தலாட்டக்காரி என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அவள் குடுமியைப் பிடிக்க வந்துவிடுவாள், அவ்வளவு கனமான வசவு அது. பாவ்லாவில் அந்தக் கனம் கிடையாது. பாவ்லா காட்டுகிறவர் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. இல்லாததை இருக்கிற மாதிரியோ, இருக்கிறதை இல்லாத மாதிரியோ கொஞ்ச நேரம் நின்று காட்டுகிறார். பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் தூங்குவது பாவ்லா. வீட்டில் சீனி தீர்ந்துபோன அன்றைக்கு விருந்தாளிக்கு மட்டும் சீனி போட்டுக் கொடுத்துவிட்டு, "எனக்கு இனிப்பு ஆவாதுங்க" என்று வெறுந்தேத்தண்ணியைக் குடிப்பதும் பாவ்லாதான்.

பதுளையில் நான் வேலை செய்கிற துணிக்கடைக்கு ஒரு வாத்தியார் வருவார். ஒரு வேட்டி எடுக்க அரை நாள் செலவழிக்கிற மனுஷன். அவரிடம் ஒரு நாள் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவைத்தேன், இந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று. தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தில் ஒட்டிக்கொண்ட சொல்லாக இருக்கலாம், அவர்கள் பாஷையில் பொம்மைக்குக் கிட்டத்தட்ட இப்படி ஒரு பேர் உண்டு என்றார். பாவனை என்பதுதான் திரிந்துவிட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். எது சரி என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் வேட்டி எடுக்காமல் போய்விட்டார்.

எனக்குப் பொம்மைக் கதைதான் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அப்பா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு மாடு நின்றது. கன்று போட்டது, கன்று செத்துவிட்டது. மாடு பாலைக் கொடுக்காமல் இறுக்கிக்கொண்டது. அப்பா கன்றின் தோலுக்குள் காய்ந்த மானாப்புல்லைத் திணித்து, நாலு குச்சியில் நிற்கவைத்து, மேலே உப்புத் தண்ணீர் தெளித்து மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். மாடு அதை நக்கிற்று. பால் இறங்கிற்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா பால் கறந்து முடிக்கும் வரைக்கும் தலையை நிமிர்த்தவே இல்லை.

இவ்வளவும் சொல்லுக்கு நான் தெரிந்துவைத்திருந்த விளக்கம். இந்த விளக்கமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது தம்பி செத்த பிறகுதான்.

தம்பி வளைகுடா நாடு ஒன்றில், கட்டடங்களுக்கு ஏசி பூட்டுகிற கம்பனியில் இருந்தான். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று போனவன். ஒரு நாள் காலையில், அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த தெமோதரை ஊர்ப் பையன் எனக்குப் போன் எடுத்தான். கடையில் ஒரு பொம்பளைக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, எங்கயாவது உக்காந்துக்கங்க" என்றான். உட்கார எனக்கு அங்கே எங்கே இடம்? நின்றபடிதான் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழும்பவில்லையாம். இருதயம் நின்றுவிட்டதாம். கல்யாணம்கூட ஆகாத பையனுக்கு இருதயம் எப்படி நிற்கும், நீங்கள் எல்லாம் கூட இருந்து என்னத்தைப் பார்த்தீர்கள் என்று அந்தப் பையனிடம் சண்டை போட்டேன். அவன் என்ன செய்வான், பாவம். அழுதான். விரித்த சேலையை மடித்து வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

மாமா பதுளை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் அம்மாவோடு கூடப்பிறந்த தம்பி. எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். அம்மாவுக்கு நெஞ்சில் வால்வு பழுது. மாதா மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நான்தான். பெரிய அதிர்ச்சி எதையும் அந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார், நான்தான் அதை மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது மாமா அதை எனக்கே திருப்பிச் சொன்னார்.

"பெட்டி வந்து எறங்குற வரைக்கும் அக்காவுக்குத் தெரியக்கூடாது, புள்ள. இப்பத் தெரிஞ்சா நம்ம வீட்டுல ரெண்டு பெட்டி ஆயிரும்."

பெட்டி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்பனி கடிதம் தரணும், அந்த நாட்டுக்காரர்கள் கையெழுத்து வைக்கணும், விமானத்தில் இடம் கிடைக்கணும். வாரக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். பெத்தவளுக்குத் தெரியாமல் பிள்ளையின் சாவை வைத்துக்கொண்டிருக்க நாம் யார் என்று கேட்க வாயைத் திறந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு யார் சண்டை போடுவது? சரி என்று பஸ் ஏறினேன்.

எங்கள் லயம் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் குடும்பத்துக்கு ஒன்றாகக் காம்பராக்கள். இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை எல்லோரும் கேட்டுவிட்டு, மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தீர்ப்புச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாவை ஒளித்து வைக்க வேண்டும். மாமா வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒருத்தரும் மறுக்கவில்லை. வாயில்லாப் பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்லி வைத்தாயிற்று.

நான் ஏன் திடீரென்று பெட்டி படுக்கையோடு வந்து நிற்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. வீட்டுக்காரரோடு சண்டை என்றேன். அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், உன் வாய்க்கு யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று வரிசையாக ஏச்சு. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கொஞ்சம் பொறுத்துப் போங்க தம்பி, அவ சின்ன வயசுலயிருந்தே அப்படித்தான்" என்று புத்தி சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க, ஆமாங்க என்றார். அவர் கண்ணீரை மறைக்கத்தான் குனிந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். அப்படித்தான் அன்றைக்கு நான் நினைத்தேன்.

அழுகையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? லயத்தில் முடியாது. பெண்கள் மலைக்குக் கொண்டுபோனார்கள். கொழுந்து எடுக்கிற நேரத்தில், லயத்துக்குக் குரல் எட்டாத மேல் மலையில், நிரையில் நின்றபடியே ஒப்பாரி வைத்தார்கள். கை கொழுந்தை ஒடித்துக்கொண்டே இருக்குமாம், வாய் பாடிக்கொண்டே இருக்குமாம். பக்கத்துக் காம்பரா அத்தைதான் எனக்கு இதைச் சொன்னாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். சாயங்காலம் இறங்கி வரும்போது பீலியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்கள் வாசலில் நின்று, "என்னாக்கா, ராவைக்கு என்னா கறி?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்கு அந்த மலைக்குப் போகவும் வழியில்லை. அம்மா பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அவளுக்குச் சோறு போட்டேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், அவள் கால் பிடித்துவிட்டேன்.

தம்பி தினமும் வேலை முடிந்ததும் அம்மாவுக்குப் போன் எடுப்பான். முதல் நாள், அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம் என்றேன். அப்புறம், அவனை ஏதோ பாலைவனப் பக்கம் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், அங்கே சிக்னல் இல்லையாம் என்றேன். அம்மா, அங்கே சாப்பாடு எப்படியாம் என்று கேட்டாள். கம்பனியே கொடுக்கிறதாம் என்றேன். வெயில் கடுமையாக இருக்குமே என்றாள். தொப்பி கொடுத்திருக்கிறார்களாம் என்றேன். தொப்பி கொடுத்திருக்கிறார்களாம்! பொய் என்பது ஒன்றோடு நிற்கிற சாமானா? நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவனுக்கு உடுப்பு, படுக்கை, கூட்டாளி என்று புதிதாக ஏதாவது தேவைப்பட்டது. ஒரு கட்டத்தில் அவன் எனக்கே உயிரோடு இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. தேத்தண்ணி ஊற்றும்போது, இவனுக்கு அங்கே நல்ல தேயிலை கிடைக்குமா என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

இப்படியே பெட்டி வரும் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தோம். அம்மன்தான் நடுவில் வந்தாள்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள் வந்துவிட்டது. தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு முறை வருகிற சந்தோஷம் அது. மைக் செட் பேசியாயிற்று, தேருக்குக் காகிதப் பூ ஒட்டியாயிற்று. நடத்திவிடுவோம் என்றுதான் மாமா முதலில் சொன்னார். திருவிழாவை நிறுத்தினால் அக்கா கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது? பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்குக் கேட்காத தூரத்தில், கோயில் வாசலில் வைத்துப் பேசினார்கள். நானும் இருந்தேன்.

"மனுசருக்குப் பாவ்லா காட்டலாங்க தலைவரே. அம்மனுக்கு நான் எப்படிங்க காட்டுவேன்? நம்ம லயத்துப் புள்ள அடக்கமாகாமக் கெடக்கு. இந்தக் கையால காப்புக் கட்ட ஏலாதுங்க."

அவன் செத்தது வேறு நாட்டில், இங்கே தீட்டு எப்படி வரும் என்று ஒருத்தர் கேட்டார். கடல் தாண்டினால் அவன் நம்ம பிள்ளை இல்லையா என்று பூசாரி திருப்பிக் கேட்டார். போன வருஷம் லீவில் வந்தபோது தேரின் முன்வடத்தைப் பிடித்தவன் அவன்தான். அம்மாவிடம் அத்தனை பொய் சொல்லத் துணிந்த லயம், அம்மனிடம் ஒரு பொய் சொல்லப் பயந்துவிட்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்தச் சாமிக்கு இருக்கிற கண் என் அம்மாவுக்கு இல்லையா? ஆனால் என்னை வந்து காப்புக் கட்டச் சொல்லியிருந்தால் நானும் கட்டியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை.

திருவிழா நின்றது. ஏன் என்று அம்மாவுக்கு ஒரே காரணமாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மைக்குக்கு பொலிஸ் அனுமதி கிடைக்கவில்லை என்றார் மாமா. தேர்ச் சக்கரம் உடைந்துவிட்டது என்றாள் பக்கத்துக் காம்பரா அத்தை. நான் பூசாரிக்குக் காய்ச்சல் என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பூசாரி ஒரு விறகுக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ம் என்றாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நான் அடுப்படிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அம்மா காலை வெயிலில் இஸ்தோப்பில் வந்து உட்கார ஆரம்பித்தாள். காம்பராவுக்கு முன்னால் உள்ள அந்தச் சின்ன நடைவழியிலிருந்து பார்த்தால் லயத்து வாசல்கள் எல்லாம் தெரியும். மலைக்குப் போகிறவர்களைப் பார்ப்பாள், வருகிறவர்களைப் பார்ப்பாள். கடைசி வீட்டுத் தாத்தா இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்று என்னை அனுப்பி விசாரிக்கச் சொன்னாள். அவர் நன்றாகத்தான் இருந்தார். கொழும்புக் கடையில் நிற்கிற அவள் பையன் நேற்றுப் பேசினானா என்று அத்தையிடம் கேட்டாள். பேசினான் என்று அத்தை சொன்னாள். நல்லது என்றாள் அம்மா.

சிக்னல் இல்லை என்று எத்தனை நாள் சொல்வது? ஒரு சாயங்காலம் அம்மாவே வழி சொன்னாள். அவன் வாட்ஸ்அப்பில் ஏதும் பேசி அனுப்பியிருக்கிறானா பார் என்றாள். அவளுடைய போனில் அவன் பேசி அனுப்பினது நிறைய இருந்தது, எல்லாம் பழசு. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, தேதி தெரியாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போய் ஒன்றை எடுத்து, இப்போதுதான் வந்திருக்கிறது என்று போட்டேன்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? மருந்து குடிச்சீங்களா? குளிருல வெளிய உக்காராதீங்க. நான் வேலைக்குப் போறேன், பொறவு பேசுறேன்."

பின்னால் ஏதோ வண்டிச் சத்தம். அவன் அவசரமாகச் சிரிக்கிற சிரிப்பு. அம்மா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். இன்னொருக்கால் போடு என்றாள். போட்டேன். இன்னொருக்கால் என்றாள். எத்தனை தரம் போட்டேன் என்று கணக்கில்லை. கடைசியில் பேசிப் பதிகிற பொத்தானை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, "சாப்புட்டேன் ராசா, மருந்தும் குடிச்சிட்டேன், நீ பத்தரமா போய்ட்டு வா" என்று பதில் பேசினாள். அனுப்பினேன். யாருக்கு அனுப்பினேன்? என் கையால் நான் செய்ததிலேயே இதைவிடக் கொடுமையானது ஒன்று கிடையாது. அந்த நேரத்தில் அதைச் செய்யாமல் இருக்கவும் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவனுடைய பழைய குரலில் ஒன்று. திரும்பத் திரும்ப அதே வந்தாலும் அம்மா கேட்டுக்கொண்டாள். குரல் நல்லா இருக்கு, சளி விட்டுப்போச்சு என்றாள்.

பிறகு ஒரு நாள் பெட்டி கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தது. என் வீட்டுக்காரரும் இரண்டு பேரும் வேன் பிடித்துப் போனார்கள். காலையில் தோட்டத்துக்கு வந்துவிடும் என்றார்கள். இனி தள்ளிப்போட முடியாது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து மருந்துக்காரர் ஐயாவை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தோம். அத்தை சோடாப் போத்தலை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்திருந்தாள். அன்றைக்கு லயத்தில் ஒருத்தரும் பெரட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் அவரவர் வாசலில் சும்மா நிற்கிற மாதிரி நின்றார்கள்.

அம்மா குளித்து, தலையைக் கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாமா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அக்கா என்றார். சின்னவனுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்று ஆரம்பித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ.

அம்மா அவர் தோளில் கையை வைத்தாள்.

"டேய், நீ மொதல்ல தண்ணியக் குடி. ஒனக்குத்தான் பிரஷர் இருக்கு." அப்புறம் கேட்டாள். "வேன் எத்தன மணிக்கு வருது?"

அத்தையின் கையிலிருந்த போத்தல் விழுந்து உருண்டது. யார் சொன்னது, எப்போது தெரியும் என்று மாமா திக்கித் திக்கிக் கேட்டார்.

"சாவு விழாம நம்ம கோயிலு திருவிழா எப்படா நின்னுருக்கு? அன்னைக்கு ஒவ்வொரு வாசலா பாத்தேன். எல்லாரும் இருந்தாங்க. வெளியூர்ல உள்ள புள்ளைங்களையும் விசாரிச்சேன். எல்லாரும் இருந்தாங்க. எம்புள்ளதான் மிச்சம்."

மாமா தரையிலேயே குனிந்து அழ ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை நாள் நான் பட்ட பாடு என்ன, சொன்ன பொய் என்ன, ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குரலைப் போட்டுக்கொண்டு நான் செத்துப் பிழைத்தது என்ன. இவள் எல்லாம் தெரிந்துகொண்டே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளா? கத்தியேவிட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டு ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

அம்மா என்னைப் பார்த்தாள். கிளினிக்கில் வரிசை நகராதபோது பார்க்கிற அதே பார்வை. அதில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"கேட்டா நீ சொல்லிருவ, புள்ள. கேக்காத வரைக்கும் அவன் வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தான்."